பஸ் நின்றாலும் நம் பயணம் நிற்கக் கூடாது

இந்த மாதக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து படித்துப் பேச ஒரு பாடம்.

கொரோனா காட்டியது என்ன?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. ஜூன் மாதம் கொஞ்சம் ஓடியது. ஜூலையில் மறுபடி நின்றது. செப்டம்பரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. இரண்டே நாளில், மே 10-ல், முழு ஊரடங்கு. இலவசம் இருந்தது, பஸ் இல்லை!

அப்போது யார் அதிகம் முடங்கினோம்? நாம்தான். வீட்டில் பைக் இருந்தாலும் சாவி ஆண்கள் கையில். காணையிலிருந்து விழுப்புரத்துக்கோ முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால், "யாராவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்க வேண்டிய நிலை.

நகரங்களில் என்ன நடந்தது?

பல நகரங்களில் பொது சைக்கிள் உண்டு. ஒரு நிலையத்தில் எடுத்து, ஓட்டிப் போய், இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம். சென்னையிலும் 2019-ல் இப்படித் தொடங்கினார்கள். அமெரிக்காவின் நியூயார்க்கில் 2020 மார்ச்சில் ஆய்வு செய்தார்கள். சுரங்க ரயிலில் போகிறவர்கள் சுமார் 90 சதவீதம் குறைந்தார்கள். பொது சைக்கிளில் குறைந்தது சுமார் 71 சதவீதம்தான். முன்பு சராசரியாக 13 நிமிடம் ஓட்டியவர்கள் 19 நிமிடம் ஓட்டினார்கள். காரணம் எளிது. சைக்கிளில் கூட்டம் இல்லை, காற்றோட்டம் உண்டு, டீசல் வேண்டாம், டிரைவரும் வேண்டாம்.

நம் மாநிலத்து முன்மாதிரி

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று சிலர் அதையே விரும்பினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் இறங்கவில்லை.

நம் குழு என்ன செய்யலாம்?

1. பிளஸ் 1-ல் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா கிடக்கிறதா, பாருங்கள். டியூப் மாற்றினால் ஓடும்.
2. இல்லையென்றால் பழைய சைக்கிள் ஒன்று 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் போதும்.
3. யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பஞ்சர் செலவு யாருடையது என்று முன்பே தீர்மானம் போடுங்கள். சண்டை வராது.
4. நோய் பரவும் காலத்தில் கைப்பிடியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் கொடுங்கள்.
5. ஓட்டத் தெரிந்தவர் தெரியாத ஒருவருக்குக் கற்றுக் கொடுங்கள். மாலையில் பள்ளி மைதானம் போதும்.

பஸ்ஸை விட வேண்டாம். அது நம் உரிமை. ஆனால் அது வராத நாளிலும் மாத்திரை வாங்கணும், ரேஷனுக்குப் போகணும், பேங்குக்குப் போகணும்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும்? தெரிந்தும் ஓட்டாமல் இருப்பது ஏன்? நாளைக்கே பஸ் நின்றால், யாரையும் கேட்காமல் நாம் எதுவரை போக முடியும்?