வெயிலும் கோபமும்

கேள்வி: சித்திரை பிறந்தாலே பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ஹார்மோன் கோளாறா?
– வாசகி, அச்சங்குளம்

பதில்: தூக்கத்தை முதலில் பாருங்கள், அம்மா. குளிர்நாடுகளில் பகல் சுருங்குவதால் மனச்சோர்வு வரும். நம் பக்கம் பகல்பொழுது ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கூடிக் குறையும்; இங்கே படுத்துவது வெக்கை. உடம்பின் உள்சூடு தணிந்தால்தான் கண் அசரும். கான்கிரீட் கூரை ராத்திரியெல்லாம் அனலடித்தால் எப்படித் தணியும்? தூக்கம் கெட்டால் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தடுமாறும், சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளியுங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடிவிபத்தின் வலியும் உண்டு. தை முடியும்போது நெஞ்சு படபடப்பவர்களுக்குக் காரணம் பருவமல்ல, இழப்பு. அவர்களிடம் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள்: 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.