வரி இல்லை, சரி. பிடித்த பணத்தை யார் வாங்குவது?

“பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லியே சார், அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?” 2025 பட்ஜெட் வந்த நாளிலிருந்து பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இதையே கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கேள்வியாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. பலர் முடிவு செய்துவிட்டு, எனக்குத் தகவல் சொல்லத்தான் வருகிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு லட்சம் எப்படி வந்தது? புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு வரியில்லா வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம். கூட்டினால் 60,000 ரூபாய். அந்த 60,000-ஐத்தான் 87ஏ பிரிவு தள்ளுபடி செய்கிறது. தள்ளுபடி கணக்கு காட்டுகிறவருக்கு, காட்டாதவருக்கு இல்லை. ரிட்டர்ன் கட்டாயமா என்பதற்கு முக்கிய அளவுகோல் அந்த 4 லட்சம்தான். மாதம் 45,000 வாங்குகிறவருக்கு வரி சுழியம், ரிட்டர்ன் கட்டாயம். இதில் என்ன குழப்பம்?

சட்டத்தை விடுங்கள், காசுக்கு வருவோம். இந்த ஊரில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது! ‘கன்சல்டன்ட்’ என்று பெயர் வைத்து 10 சதவீதம் வரியை (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். மாதம் 35,000 என்றால் 3,500 போய்விடும், வருஷத்துக்கு 42,000. வருமானம் 4.2 லட்சம், கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. அந்த 42,000 முழுவதும் அவருடைய பணம். மூன்று, நான்கு மாத வீட்டு வாடகை! ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். “அப்புறமா பார்த்துக்கலாம்” என்கிறவர்களுக்கு ஒன்று: அப்டேட்டட் ரிட்டர்ன் வரி கட்டுவதற்குத்தான், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். 42,000-க்காக 1,000 கொடுக்கக் கணக்குப் பார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செல்போனில் பங்கு வாங்கி விற்கும் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். பங்கு விற்ற குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம் வரி. 87ஏ தள்ளுபடி அதைத் தொடாது.

இதற்கு நேர் எதிர் வதந்தி ஏஜென்ட்டுடையது: “நம்மகிட்ட விடுங்க, ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், கமிஷன் மட்டும் கொடுங்க.” இல்லாத நன்கொடை, இல்லாத வீட்டுக்கடன், இல்லாத வாடகை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது இவர்களைத் தேடித்தான். பொய்க் கழிவுக்கு அபராதம் வரித்தொகையில் 200 சதவீதம் வரை போகும். கமிஷன் வாங்கியவர் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

மற்றவை சில்லறை. புதிய முறையில் வாடகை ரசீதுக்கு வேலையே இல்லை. பழைய முறையில்கூட 2025-26 கணக்கில் பெங்களூருக்கு வாடகைப்படி விலக்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் வரைதான். 50 சதவீதம் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தாவுக்கு. இங்கே வாடகை விற்கிற விலைக்கு இதை யாரிடம் போய்ச் சொல்ல! மாதா மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய் பிடிப்பது கம்பெனியின் தில்லுமுல்லு அல்ல, கர்நாடகத் தொழில் வரி. 25,000-க்குக் குறைந்த சம்பளத்துக்குக் கிடையாது. வீட்டு வரி ரசீது இருந்தால் இடம் நமதே என்பதும் பொய். ரசீது பத்திரம் ஆகாது. ஆனால் முழு வருஷ வீட்டு வரியையும் ஏப்ரலிலேயே கட்டினால் கிடைக்கும் 5 சதவீதக் கழிவு நிஜம்.

நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பி.காம் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு 26ஏஎஸ் எடுக்கச் சொல்லுங்கள். யார், எந்த மாதம், எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். அங்கேயே ரிட்டர்ன் போடலாம், காலணா செலவில்லை. ஒரு காபியும் மசால் தோசையும் வாங்கிக் கொடுத்தால் போதும்.