கண்ணொளி வேண்டி சுந்தரர் நடந்த பாதை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் உங்களில் பலருக்கு இது பழகிப்போன விஷயம்தான். காலைச் சமையலை அவசரமாக முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கையில் பைலும் மருந்துச் சீட்டுமாகக் கண் மருத்துவமனையில் போய் உட்கார்ந்திருப்பீர்கள். டோக்கன், எழுத்துப் பலகை, கண்ணில் ஒரு சொட்டு மருந்து, கண்ணை மூடியபடி அரை மணி நேரம். பிறகு டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார்: ‘‘இதே மருந்தைத் தொடருங்கள். மூன்று வாரம் கழித்து வாருங்கள்.’’

சிவந்த கண் வெளுக்கும். பத்து நாளில் மறுபடி சிவக்கும். மறுபடி பைல், மறுபடி டோக்கன்! வீட்டில் சும்மா இருப்பார்களா? ‘எத்தனை தடவைதான் போவாய்? குணமானபாடில்லையே’ என்பார் ஒருவர். ‘கண்ணுக்கு வந்தால் ஏதோ தோஷம்’ என்பார் இன்னொருவர். நமக்கே கூட, ‘என்ன பாவம் செய்தேனோ, அந்தத் தெய்வம் கண் திறக்கவில்லையே’ என்று ஒரு நாள் தோன்றிவிடும்.

கண் என்றதும் எல்லோருக்கும் கண்ணப்ப நாயனார்தான் நினைவுக்கு வருவார். ஆனால், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு நடப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். பார்வையை இழந்த அவர் கோயில் கோயிலாக நடந்தாரே, அந்த வழியின் முதல் பகுதி நம் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது.

கதை திருவொற்றியூரில் தொடங்குகிறது. அங்கே சங்கிலி நாச்சியாரை மணந்த சுந்தரர், ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். வசந்த காலம் வந்தது. திருவாரூர்த் திருவிழாவும் தியாகேசரும் நினைவில் வந்து வாட்ட, சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டு போயின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுந்தரருக்குப் பார்வை போனது, அவர் செய்து கொடுத்த ஒரு சத்தியத்தை மீறியதால். இது அவர் ஒருவரின் வாழ்க்கையில் நடந்தது. கண் நோய் வந்தவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்கள் என்று இந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. உங்கள் கண் சிவந்ததற்கும் நீங்கள் எப்போதோ மறந்துபோன ஒரு நேர்த்திக்கடனுக்கும் முடிச்சுப் போட்டு யாராவது பேசினால், அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம். கண்ணீரும் கவலையுமாக இருப்பவரிடம் அப்படிப் பேசுவதுதான் பாவம் என்பது என் எண்ணம்!

பார்வை போன சுந்தரர் திருவொற்றியூரிலேயே உட்கார்ந்துவிடவில்லை, நடந்தார். முதலில் வந்து சேர்ந்த தலம் வடதிருமுல்லைவாயில். ஆம், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் நம் திருமுல்லைவாயில்தான். சுவாமி மாசிலாமணீஸ்வரர், அம்பாள் கொடியிடை நாயகி.

குறும்பர்களை அடக்க வந்த தொண்டைமான் மன்னனின் யானைக்கால் இங்கே முல்லைக் கொடியில் சிக்கியது. கொடியை மன்னன் வாளால் வெட்ட, ரத்தம் பீறிட்டது. புதருக்குள் சிவலிங்கம்! வாள்பட்ட அந்தத் திருமேனி குளிர்ந்திருக்க, வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரை மாதச் சதயத்தன்றுதான் பழைய காப்பைக் களைந்து புதுக் காப்பு சாத்துவார்கள். மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலத்தில், நந்தி இங்கே சுவாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்திருப்பதையும், கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களையும் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சந்நிதியில், எதிரே இருப்பது எதுவும் தெரியாத நிலையில் நின்று சுந்தரர் பாடினார். ஏழாம் திருமுறையில் 69-வது பதிகம் அது. தொண்டைமானுக்கு முல்லைக் கொடியால் அருளிய கதையும் அதில் வருகிறது. சங்கிலிக்காகத் தன் கண்ணை எடுத்துக்கொண்டதையும் சுவாமியிடமே எடுத்துச் சொல்லி, ‘என் துன்பத்தைத் தீர்த்துவிடு’ என்று பாட்டுக்குப் பாட்டு மன்றாடுகிறார்.

சரி, கண் கிடைத்ததா? இல்லை! பூந்தமல்லிக்கு அருகில் இருக்கும் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான், 12-ம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் இந்தப் பயணத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். திருமுல்லைவாயிலில் பார்வை வந்ததாக அவர் சொல்லவில்லை. சுந்தரர் தொழுதார், பாடினார், அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். அவ்வளவுதான்.

அடுத்த ஊர் திருவெண்பாக்கம். ‘கோயிலுக்குள் இருக்கிறீரா?’ என்று சுந்தரர் கேட்கிறார். உள்ளேயிருந்து, ‘இருக்கிறோம், நீர் போகலாம்’ என்கிற மாதிரி ஒரு பதில். கண் கேட்டு வந்தவருக்கு அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல்! அதனால் சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். வழி தெரிய மின்னலாக ஒளி காட்டியவள் என்பதால் அம்பாளுக்கு மின்னொளி அம்மை என்ற திருநாமமும் உண்டு. கோபத்தில் சுந்தரர் அந்தக் கோலை வீசியெறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தல வரலாறு. 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய ஊர் நீருக்குள் போய்விட்டது. கோயிலைப் பூண்டியில் புதிதாக எழுப்பினார்கள். சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

கண் கேட்டவருக்குக் கோல் கிடைத்தால் கோபம் வரத்தானே செய்யும்? ஆனால், அந்தக் கோல் இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போயிருக்க முடியாது. திருவாலங்காட்டைத் தொழுது காஞ்சிபுரம் சேர்ந்தார். ஏகாம்பரநாதர் சந்நிதியில் இடக்கண்ணில் பார்வை வந்தது. அங்கே பாடிய பதிகத்தில், சுவாமியைக் காணக் கண் கிடைத்ததையே பாட்டுக்குப் பாட்டு வியக்கிறார். வலக்கண் கிடைப்பதற்கு இன்னும் எத்தனையோ தலங்கள் தாண்டித் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. நடுவில் உடம்பில் தோல்நோய் வேறு வந்து, திருத்துருத்தியில், அதாவது இன்றைய குத்தாலத்தில், நீராடிக் குணமானார்.

‘தம்பிரான் தோழர்’ என்று இறைவனே உரிமை கொடுத்தவருக்குக் கூட, பார்வை ஒரே நாளில் திரும்பவில்லை. ஓர் இடத்தில் ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் கோல். ஓர் இடத்தில் ஒரு கண். உங்கள் பைலைப் புரட்டிப் பாருங்கள், இதே மாதிரிதான் இருக்கும்.

மருத்துவமனையில் ‘கோல்’ மட்டும் கிடைக்கும் நாட்கள்தான் அதிகம். உதாரணமாக, கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய். வழக்கமாக இதில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது, பக்கவாட்டுப் பார்வை ஓசையில்லாமல் குறைந்துகொண்டே வரும். போன பார்வை திரும்பாது. தினமும் போடும் சொட்டு மருந்து, மிச்சம் இருக்கும் பார்வையைக் காப்பாற்றித் தருகிறது. ‘ஆறு மாதமாகப் போடுகிறேன், ஒரு முன்னேற்றமும் இல்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள், ஊன்றுகோலை வீசியெறிகிறவர்கள்தான்.

இன்னொன்று, கருவிழிக்கு உட்புறம் புண்பட்டது போலாகி வலியும் சிவப்பும் கூச்சமுமாக வரும் யூவியைட்டிஸ். இது சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். காசநோய், மூட்டுவாதம் போல உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறு கண்ணில் வந்து தெரிவதும் உண்டு. ‘கண் வலிக்கு எதற்கு மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை?’ என்று நினைக்காதீர்கள், இதற்காகத்தான். இதற்குத் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, ஒரு நாளைக்கு ஆறு வேளை, நான்கு வேளை, இரண்டு வேளை என்று படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்பு போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பும். ‘போன தடவை கேட்டதே’ என்று மருந்துக் கடையில் நீங்களாக அதையே வாங்கிப் போட்டாலும் ஆபத்துதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், புரை வளரும். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி டாக்டர் அழுத்தத்தை அளந்து பார்ப்பது அதனால்தான்.

நம் வீட்டுப் பெண்கள் மருந்தை விடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதுதான் விரதம்! சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்றால் மருந்து கிடையாது. ‘கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கிறதே, அது விரதத்துக்குப் பங்கம் இல்லையா?’ என்று ஒரு சந்தேகம். கசப்பது உண்மைதான். கண்ணின் உள்ஓரத்திலிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் வழி இருக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால் கசப்பு இறங்காது. மருந்தும் கண்ணிலேயே தங்கும். பங்கத்தைப் பற்றிக் கேட்டால், மகாபாரதம் உத்தியோக பருவத்தில் விரதத்தைக் கெடுக்காத எட்டு என்று ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால் என்று போகும் அந்த எட்டில் மருந்தும் ஒன்று! இனி எந்த விரத நாளிலும் தயங்க வேண்டாம். தினசரிக் காலண்டர் தாளில் திதி பார்க்கும்போதே, ஒவ்வொரு வேளை மருந்துக்கும் ஒரு கோடு போட்டு வாருங்கள். இரண்டு விதச் சொட்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். திறந்த பாட்டிலை, சீட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பூஜையறையிலும் கொஞ்சம் கவனம் தேவை. புண்ணோ அறுவை சிகிச்சையோ ஆன கண்ணில் தீபாராதனையை ஒற்றிக்கொள்ள வேண்டாம். நெற்றியில் ஒற்றினால் போதும். தீர்த்தத்தைக் கண்ணில் தடவுவது, தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு விடுவது எல்லாமே வேண்டாம். விபூதி இட்டுக்கொள்ளும்போது தூள் கண்ணில் விழாமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சூரிய நமஸ்காரம் செய்பவர்கள் சூரியனை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. விழித்திரை வெந்துவிடும். வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலைக் கூட, அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போவதும் பக்தியும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயாவை 1978-ல் டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் தொடங்கியதற்குத் தூண்டுகோல், காஞ்சி ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகள் மருத்துவர்களிடம் ஆற்றிய உரை. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனைக்கு, அவர் வணங்கிய ஸ்ரீஅரவிந்தரின் பெயர். அதன் கிளை ஒன்று நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே, நூம்பலில் இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ 1819-லேயே தொடங்கப்பட்டது. இருநூறு வருடங்களாக அங்கே ஏழை எளியவர்களுக்கு வைத்தியம் நடக்கிறது.

சுந்தரர் நடந்த வழியைத் தரிசிக்க விரும்புகிறீர்களா? உங்களுக்கு ரொம்ப வசதி! அரக்கோணம் போகும் மின்சார ரயில் பாதை ஏறத்தாழ அந்த வழியாகவே போகிறது. திருமுல்லைவாயில் கோயிலுக்கு திருமுல்லைவாயில் அல்லது அண்ணனூர் நிலையம். பூண்டிக்கு, திருவள்ளூரில் இறங்கி பஸ். திருவள்ளூரில் வைத்திய வீரராகவப் பெருமாளையும் சேவித்து, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுப் போகலாம். அதே பாதையில் மேலே திருவாலங்காடு. அரக்கோணத்தில் வண்டி மாறினால் காஞ்சிபுரம். பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாங்காட்டில் வெள்ளீஸ்வரர் இருக்கிறார். வாமன அவதாரத்தில் ஒரு கண்ணை இழந்த சுக்கிரன் வழிபட்ட தலம் அது.

பௌர்ணமி சேர்ந்த வெள்ளிக்கிழமையில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்பாளையும் ஒரே நாளில் தரிசிப்பது பெண்களுக்கு மிகவும் பிரியமான வழிபாடு. அந்த நாளில் மருத்துவமனை முறையும் வந்துவிட்டால், மருத்துவமனைக்கே போங்கள். தரிசனத்தை அடுத்த பௌர்ணமிக்கு வைத்துக்கொள்ளலாம். பாவை விரிய மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கண் கூசும், பார்வை மங்கும். அந்தக் கண்ணோடு தனியாக ரயில் ஏறுவதும் தண்டவாளம் தாண்டுவதும் வேண்டாம். அம்மனின் முகமும் அன்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது.