வேஷம் போனது, காசும் போகுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. திருகோணமலை, திருக்கடலூரில் இருக்கிறேன். பாடசாலைக் காலத்திலிருந்தே நாடகம்தான் மூச்சு. கொழும்புத் தயாரிப்பாளர் ஒருவர் எங்கள் துறைமுகத்தைப் பின்னணியாக வைத்து எடுக்கும் வெப் சீரிஸில் எனக்கு இரண்டாவது கதாநாயகன் வேஷம் தந்தார். 22 நாள் படப்பிடிப்பு, நாளுக்குப் பத்தாயிரம் ரூபா என்று வட்ஸ்அப்பில் கதைத்தோம். எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. அட்வான்ஸ் 60,000 ரூபா வங்கிக்கு வந்தது. அதை நம்பி உப்புவெளியில் பார்த்துக்கொண்டிருந்த ஹோட்டல் வேலையை விட்டேன். ஒன்பதாவது நாள், மார்ச் 14, இறங்குதுறையிலிருந்து வள்ளத்துக்குள் பாயும் காட்சியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டார்கள். 29ஆம் திகதி தயாரிப்பு மேனேஜரின் வொய்ஸ் மெசேஜ் வந்தது: வேறு ஆளைப் போட்டாயிற்று, அட்வான்ஸைத் திருப்பித் தா என்று. இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று எழுதிய தாள் ஒன்றையும் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் குடித்துவிட்டு வந்துதான் விழுந்தேன் என்று மற்ற யூனிட்காரர்களிடம் சொல்கிறார்களாம். டிரெய்லரில் என் முகம் வருகிறது. வேஷத்தை மீட்க வழி உண்டா? அட்வான்ஸைக் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வேஷம் திரும்பாது. ஒருவர் இன்னொருவரை வைத்து நடிப்பிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் லேசில் கட்டளை இடாது. ஆளோடு ஆள் முகம் பார்த்துச் செய்யும் வேலையை வற்புறுத்திச் செய்விக்க முடியாது என்பதுதான் காரணம். சட்டத்திடம் நீங்கள் கேட்கக்கூடியது காசு.

உங்களை மாற்றியது சரியா பிழையா என்பது அடுத்த கேள்வி. இதற்கு 1876இல் இங்கிலாந்தில் தீர்ப்பான இரண்டு வழக்குகளைச் சட்டக் கல்லூரியில் அருகருகே வைத்துப் படிப்போம். முதலாவது பூசார் என்ற பாடகியின் வழக்கு. ஒரு இசைநாடகத்தின் முக்கிய வேஷத்துக்கு ஒப்பந்தமானவர், நோயில் படுத்து, முதல் சில காட்சிகளுக்கு வரமுடியாமல் போனார். கம்பனி வேறு ஆளைப் போட்டது. அது சரி என்றது நீதிமன்றம். இரண்டாவது பெத்தினி என்ற பாடகரின் வழக்கு. ஆறு நாள் முந்தி வந்து ஒத்திகையில் நிற்க வேண்டியவர், நோயால் இரண்டு நாள் முந்தித்தான் வந்தார். அவரை நீக்கியது பிழை என்று தீர்ந்தது. வராமல் போனது ஒப்பந்தத்தின் வேரையே வெட்டியதா, கிளையைத்தான் முறித்ததா என்பதே அளவுகோல். எங்கள் ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சு வழி வந்தது. ஆங்கிலத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்கு எடுத்துப் போவோம்.

உங்கள் விஷயத்தில் தயாரிப்பாளர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான். துறைமுகத்துக்குள் கமெரா கொண்டுபோக அனுமதி வேண்டும். அந்தத் திகதி போனால் மறுபடி கிடைக்காது, முறிந்த காலோடு உங்களுக்காகக் காத்திருக்க முடியாது என்பார். அது பொய்யில்லை. மாற்றியதை ஒரு நீதிபதி நியாயம் என்று ஏற்கக்கூடும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கும் அட்வான்ஸுக்கும் சம்பந்தமில்லை. கணக்கைப் பாருங்கள். ஒன்பது நாள் நடித்தீர்கள், 90,000 ரூபா. வந்தது 60,000. அவர்கள்தான் உங்களுக்கு 30,000 தர வேண்டும். செய்த வேலைக்கான கூலியை விபத்து அழிக்காது. மிச்சம் 13 நாளின் 1,30,000 ரூபாவைக் கேட்கலாமா என்றால், கேட்கலாம், கிடைப்பது நிச்சயமில்லை. வீட்டில் காய்ச்சல் வந்து படுத்திருந்தால் நானே வேண்டாம் என்பேன். நீங்கள் விழுந்தது அவர்கள் எழுதிய காட்சியில், அவர்கள் பாயச் சொன்ன இடத்தில். ஈரமான இறங்குதுறையில் பாய், கயிறு, பக்கத்தில் ஆள் என்று ஏதாவது வைத்திருந்தார்களா? இல்லையென்றால் உங்களை வரமுடியாமல் ஆக்கியதே அவர்களின் கவனக்குறைவு என்று வாதிடலாம். அன்று செட்டில் நின்ற இரண்டு பேரின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

இனி அந்தக் குடிக் கதை. இதை வெறும் வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையில், வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு தர வேண்டும். மரணத்தில் முடியாத காயமாக இருந்து, அது மதுபோதையால் நேரே வந்தது என்று காட்டினால் முதலாளி தப்பலாம். மேனேஜர் யாரிடமாவது ஆலோசனை கேட்டுவிட்டுத்தான் அந்தக் கதையை விட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மார்ச் 14ஆம் திகதி டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடி எடுங்கள். கொண்டுவந்த நேரம், காயத்தின் விபரம் எல்லாம் அதில் இருக்கும். மது மணந்தது என்ற குறிப்பு அதிலோ வார்ட் பதிவிலோ இல்லாவிட்டால் கதையின் பாதிப் பல் விழுந்துவிடும். நீங்கள் வேலையாள் இல்லை, சுயாதீனக் கலைஞர் என்றும் சொல்வார்கள். நேரடியாக உழைப்பைத் தரும் ஒப்பந்தம் என்றால், வாய்ப்பேச்சாக இருந்தாலும், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் வரைவிலக்கணம் அதையும் உள்ளே எடுக்கிறது. நட்டஈட்டு விஷயத்திலும் நான் அந்த வழியில்தான் வாதிடுவேன்.

அவதூறுக்குத் தனி வழக்கும் உண்டு. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டதால் பொலிஸுக்குப் போய்ப் பயனில்லை, குடியியல் வழக்குத்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யார், யாரிடம், என்றைக்குச் சொன்னார் என்று சாட்சி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கையெழுத்து இல்லையே என்று பயப்படத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபின், மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாது. வட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஸ்க்ரீன்ஷொட் மட்டும் போதாது. வொய்ஸ் மெசேஜை இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். வழக்கு முடியும்வரை போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். வங்கிக் கூற்றில் 60,000 வந்த வரியும் உங்களுக்குச் சாட்சிதான்.

காலம்தான் என்னைப் பயப்படுத்துகிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுதாததற்கு மூன்று வருடம் என்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்லும். இதைக் கேட்டுவிட்டுப் பலர் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, செய்த வேலைக்கான கூலிக்கு ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. உங்கள் 30,000 எந்தப் பிரிவில் விழும் என்று நீதிமன்றத்தில் சண்டை பிடிப்பதை விட, வருகிற மார்ச்சுக்கு முந்தி வழக்கைப் போட்டுவிடுவது நல்லது. நீக்கியதற்காகத் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதம்தான், செப்டெம்பர் கடைசியோடு அந்தக் கதவு மூடும். 22 நாள் வேலைக்கு நான் அந்த வழியைப் பெரிதாக நம்பவில்லை.

டிரெய்லரை நிறுத்த முடியாது. நடிகருக்கு 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. ஆனால் கமெரா முன் நடிக்கச் சம்மதித்த பின் அவை பெரும்பாலும் கைவிட்டுப் போகின்றன. முகம் அதில் வருவது உங்களுக்கு ஒரு வகையில் நல்லது. நடித்தீர்கள் என்பதற்கு அவர்களே வெளியிட்ட சாட்சி அது. 1930இல் லண்டனில் ஒலிவர் என்ற நடிகர், வாக்களித்த முக்கிய வேஷத்தைத் தராமல் சின்ன வேஷம் தந்ததற்கு, இழந்த விளம்பரத்துக்கும் சேர்த்து நட்டஈடு வாங்கினார். உங்கள் கோரிக்கையில் அதையும் ஒரு பந்தியாகச் சேர்க்கலாம். ஹோட்டல் வேலையை விட்டதற்கு நட்டஈடு கேட்காதீர்கள். அது உங்கள் முடிவு என்று ஒரே வரியில் தள்ளுவார்கள்.

நீதிமன்றம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு எங்கள் சினிமாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதானார்கள். பிரிவிக் கவுன்சில் வரை போய் (அப்போது எங்கள் இலங்கை மேன்முறையீடுகளும் அங்கேதான் போகும்) 1947இல் விடுதலையானார்கள். தீர்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். பாகவதரின் ராஜமுக்தி படம் 1948இல் வந்து விழுந்தது, பழைய இடம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. கலைவாணர் கிருஷ்ணன் 1949இல் நல்லதம்பி படத்தோடு எழுந்து நின்றார். அந்த வித்தியாசத்தில் நீதிபதிக்கு ஒரு பங்கும் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: 30,000 ரூபா நிலுவை, மருத்துவச் செலவு, காய நட்டஈடு, அட்வான்ஸ் திருப்புவதற்கில்லை. விபத்தைப் பற்றியும் அதிலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். சிறு தொகைப் பிணக்கு என்பதால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். அங்கே எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை, நீங்களே பேச வேண்டும். நடிகருக்கு அது கஷ்டமாக இராது. சரிவராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம். தயாரிப்பாளர் கொழும்பில் இருந்தாலும், வழக்குக்கான காரணம் இங்கே எழுந்ததால் திருகோணமலையிலேயே போடலாம். செலவுக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விபரத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள்.

உரிமை கோரமாட்டேன் என்ற அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். மேலே சொன்ன பாதிக்கு மேல் மாறும்.