இன்சுலின் போடுபவர்கள் நடக்கும்போது



சுப்ஹு தொழுதுவிட்டு நடப்பவர்கள் நம் மஹல்லாவில் கூடியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இன்சுலின் போடுபவர்களும் நடக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு கவனம் தேவை.

உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கணையம் உடனே இன்சுலினைக் குறைத்துவிடும். ஊசியில் போட்டதைக் குறைக்க முடியாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். தொடையில் போட்டுவிட்டு உடனே நடந்தால் மருந்து இன்னும் வேகமாக ஏறும். அன்று வயிற்றில் போடுவது நல்லது.

கிளம்புமுன் சோதியுங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250க்கு மேல் இருந்து சிறுநீரில் கீட்டோனும் தெரிந்தால் பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

நாங்கள் அதிகம் அஞ்சுவது இரவைத்தான். மாலையில் பந்து விளையாடிய பிள்ளைக்கு நடுநிசியில் சர்க்கரை இறங்கலாம். 24 மணி நேரம் வரை அந்த வாய்ப்பு உண்டு. தூக்கத்தில் வியர்த்தால், உளறினால் எழுப்பிச் சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சம்பந்தம் பேசும்போது தடையாகும் என்று பெண்பிள்ளையின் ஊசி விஷயத்தை மறைக்கிறார்கள். கூட நடக்கும் தோழிக்காவது அது தெரிந்திருக்க வேண்டாமா?

ரமலானில் தராவீஹ் தொழுவதும் உழைப்புதான். நோன்பு வைத்தவருக்கு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துச் சீனி சாப்பிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. மக்ரிபுக்கு அரை மணிதானே என்று காத்திருக்கக் கூடாது.