உயிர்ப்பு அறிதல்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், மீஞ்சூரை அடுத்து அனுப்பம்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரி என்பது வழக்கேயன்றி, அது கடலொடு தொடர்புடைய உப்பங்கழியாகும். இந்திய நாட்டு உப்பங்கழிகளுள் சிலிக்காவை அடுத்த பரப்புடையது. கரையூர் மக்கள் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்கின்றனர். நீரால் வாழ்வோர்க்கு நீரால் வரும் இடரும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்க வந்தோர் ஏறிய படகு அங்குக் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர்.

மூழ்கினவரைக் கரையேற்றுதல் பாதிப் பணியே. எஞ்சிய பாதி, கரையேற்றிய அந்நொடியிலேயே தொடங்குகின்றது. மூச்சு நின்றபின் நான்கைந்து நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்சு வருகின்றது. ஆயினும், எத்துணை விரைந்து வரினும், ஏரிக்கரைக் குப்பங்களை அது நான்கு நிமிடத்தில் எட்டுதல் அரிது. ஆதலின், அருகில் நிற்பவர் வலைஞராயினும் பள்ளிச் சிறுவராயினும், நோயாளியின் நிலையை முதலில் ஆராய வேண்டியவர் அவரே.

அவர் முதற்கண் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும். மூழ்குபவர் அச்சத்தால் பற்றும் பிடியில் இருவரும் மாள்வதுண்டு. கயிற்றையோ நீண்ட கழியையோ நீட்டலாம். மூடியிட்ட வெற்றுக் கேனை எறிதலும் நன்று.

கரையேற்றியவரை உறுதியான தரையில் மல்லாக்கக் கிடத்தித் தோள்களைத் தட்டி உரக்க அழைத்தல் வேண்டும். கண் திறவாமலும் விடை கூறாமலும் இருப்பின், மற்றொருவரை 108-க்கு அழைக்கச் செய்து, தாம் மூச்சை ஆராய்தல் வேண்டும். ஒரு கையை நெற்றியில் வைத்து, மற்றொரு கையின் இரு விரல்களால் மோவாயை மெல்ல உயர்த்தினால், தொண்டையை அடைத்திருந்த நாக்கு விலகும். பின்னர்ச் செவியை அவர் வாயருகே வைத்து, மார்பு எழுந்து தாழ்கின்றதா என நோக்குக. பத்து நொடிக்குமேல் இதற்குச் செலவிடலாகாது. இடையிடையே ஏங்குவதுபோல் வரும் மூச்சு, மூச்சன்று.

நம்மவர் உடனே மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பர். பயிற்சியில்லாதவர் விரல், தன் துடிப்பையே பிறர் துடிப்பெனக் கொண்டு மயங்கும். நம் மொழியில் உயிர்த்தல் என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்பதே பொருள். சொல்லே வழி காட்ட, நாடியைத் தேடுவானேன்?

காலைப் பற்றித் தலைகீழாகச் சுழற்றுதலும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலுதலும் இன்றும் காணப்படுகின்றன. இவை தீங்கானவை. வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுள் புகும், காலமும் வீணாகும். இவ்வறியாமை நமக்கே உரியதன்று. நீரில் மூழ்கினோரைக் காக்க 1767இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் சங்கம் அமைத்த பெருமக்களும், புகையிலைப் புகையை உடலுள் செலுத்தினால் உயிர் மீளும் என நம்பினர். ஆயின், வாயோடு வாய்வைத்துக் காற்றூதும் முறையையும் அவர்கள் பரிந்துரைத்தனர்; நிலைத்தது இதுவே.

மூழ்கினவர்க்கு நேர்ந்த குறை காற்றின் குறையே. ஆதலின், மூச்சில்லையெனின் முதலில் காற்றை ஊட்டுதல் வேண்டும். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய்பொருத்தி, மார்பு எழுமாறு ஊதுக. பின்னர் மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மேற் சேர்த்து, 5 செ.மீ. ஆழம் அமிழுமாறு 30 முறை அழுத்துக. நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை என்னும் விரைவில் அது நிகழ்தல் வேண்டும். இரு முறை ஊதுதல், முப்பது முறை அழுத்துதல் என மாறி மாறிச் செய்க. மூச்சு மீளும்வரை, அன்றி ஆம்புலன்சு வரும்வரை, இதனை நிறுத்தலாகாது. களைத்தவர் மற்றவர்க்கு இடந்தரலாம். செஞ்சிலுவைச் சங்கத்தார் பொம்மையைக் கிடத்தி இதனைக் கற்பிக்கின்றனர்; ஏட்டில் படித்தது கைக்கு வர அவ்வகைப் பயிற்சியே துணை.

மூச்சு மீண்டவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர ஆடையைக் களைந்து, போர்வையால் போர்த்துக. எழுந்து அமர்ந்து நன்றாகப் பேசினும், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. நுரையீரலுள் புகுந்த நீர் சில மணி நேரங்கழித்தும் மூச்சை இடர்ப்படுத்தும். ஆகவே அவரும் ஆம்புலன்சில் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். எப்பொழுது மூழ்கினார், எவ்வளவு நேரம் நீருள் இருந்தார், எப்பொழுது மூச்சு மீண்டது என்பவற்றை உடன்கண்டவர் வந்தவரிடம் சொல்லியனுப்புதல் வேண்டும்.