புதுப் போனுக்குச் சுமை ஏற்றிப் பாருங்கள்

15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய்க்குள் விற்கும் எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் கடையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். உள்ளே ஒன்றுமே இல்லையே, ஏன் ஓடாது? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் காலை வணக்கப் படங்கள் இல்லை, குழந்தையின் ஆண்டுவிழா வீடியோ இல்லை, மூன்று வங்கிச் செயலிகள் இல்லை. ஒரு வருடம் கழித்து அதே போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் காலிப் போனைச் சோதித்துவிட்டு, நிறைந்த போனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். மூன்றாம் வருடத்தில் அந்தப் போன் எதைச் சுமக்கப் போகிறதோ, அதை முதல் வாரத்திலேயே அதன் தலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

விலை, நிறம், திரை அளவு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலைத் திறந்து மூன்று வரிகளை மட்டும் தேடுங்கள்.

முதல் வரி, ஸ்டோரேஜ் எந்த வகை என்பது. 'யுஎஃப்எஸ் 2.2' என்றால் சரி, 3.1 என்றால் நல்லது. 'ஈஎம்எம்சி 5.1' என்றால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். ஈஎம்எம்சி ஒரு சமயத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்தே செய்யும். பின்னால் செயலிகள் அப்டேட் ஆகும்போது கேமராவைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறதே, அதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். வகையைச் சொல்லாமல் '128 ஜிபி' என்று மட்டும் போட்டிருந்தால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பது. இந்தக் கணக்கு பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நான்கு வருட அப்டேட் உள்ள போனை, அது வெளிவந்து ஒன்றரை வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் இரண்டரை வருடம். சாம்சங்கின் கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற குறைந்த விலைப் போனுக்கே ஆறு வருட அப்டேட் அறிவிக்கப்பட்டது. பணம் பரிமாறும் கருவிக்கு இரண்டு வருடம் போதும் என்று சொல்பவர்களிடம் தலையாட்டாதீர்கள்.

மூன்றாவது, பேண்ட். ஜியோ சிம் என்றால் 5ஜி வரிசையில் என்28, என்78 இரண்டும் இருக்க வேண்டும். பிஎஸ்என்எல் என்றால் 4ஜி வரிசையில் 28 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் அந்த 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கான்கிரீட் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வருவது அதுதான்.

'8+8=16 ஜிபி ராம்' என்று எழுதியிருப்பதில் பாதியை அடித்துவிட்டுப் படியுங்கள். இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ராம் 8 ஜிபிக்குக் குறைந்தால் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கடையில் பத்து நிமிடம்

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையோ, மேஜையில் நின்று திரையைத் தேய்த்துப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். வெயிலில் பிடித்து யாராவது அனுப்பிய ஒரு நீளமான செய்தியைப் படியுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அந்தத் திரை நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

அடுத்து உங்கள் சிம்மை டெமோ போனில் போட அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். வீட்டுக்கு அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். பேசும்போது போனைக் காதிலிருந்து எடுத்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் திரை உடனே அணைந்து உடனே எரிய வேண்டும். செலவைக் குறைக்கச் சில போன்களில் இதற்கான தனி சென்சாரை வைக்காமல் மென்பொருளால் சமாளிக்கிறார்கள். என் சித்திக்கு நான் அவசரத்தில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த போன் அப்படிப்பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே திரை எரிந்து, கன்னம் பட்டு, மியூட் ஆகிவிடும். எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ ஹலோ" என்று வைத்துவிடுவார். "எங்கிட்ட யாருமே நின்னு பேச மாட்டேங்கிறாங்கடா" என்று மூன்று மாதம் வருத்தப்பட்டார். அந்த இரண்டு நிமிட அழைப்பை நான் கடையிலேயே செய்திருக்க வேண்டும். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி: பழுது இருந்தால் எத்தனை நாளுக்குள், யார் மாற்றித் தருவார்கள்? பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் ஏழு நாள் மாற்றம் என்பது பழுதுக்குத்தான், பிடிக்கவில்லை என்பதற்கு இல்லை. பெட்டியைப் பிரித்ததும் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண், பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முறையான போன்தானா என்று தொலைத்தொடர்புத் துறையே பதில் அனுப்பும்.

சுமை ஏற்றுதல்

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். புதுப் போனைப் பூப்போல வைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் எல்லாத்தையும் ஏத்திக்கலாம்" என்று நினைக்கிறார்கள். கொஞ்ச நாள் போனால் மாற்றிக்கொள்ளும் காலமும் போய்விடும்.

முதல் நாள் இரவே பழைய போனில் இருப்பது முழுவதையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்களை நேரடியாகப் புதுப் போனுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தால் போதும். பிறகு முதல் வேலையாக, கடன் ராமை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் போனின் உண்மையான பலம் தெரியாது.

இப்போது ஸ்டோரேஜ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். 128 ஜிபி போனில் சிஸ்டம் போக நம் கைக்கு வருவது 100 ஜிபியை ஒட்டித்தான். மொத்தத்தில் 80 சதவீதம் நிறையும்வரை ஏற்ற வேண்டும். எதை வைத்து நிரப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வீடியோக்கள் உள்ள ஒரு 10 ஜிபி ஃபோல்டரை எடுத்து, ஃபைல் மேனேஜரில் அதையே திரும்பத் திரும்ப நகலெடுங்கள். நகலெடுக்க ஆகும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நகலுக்கு ஒரு நிமிடம் ஆகி, கடைசி நகலுக்கு ஐந்து நிமிடம் ஆனால், உங்கள் மூன்றாம் வருடம் எப்படி இருக்கும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி மெதுவாகிறது? ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. ஒரு கட்டத்தை மொத்தமாக அழித்த பிறகே அதில் புதிதாக எழுதலாம். காலி இடம் நிறைய இருக்கும்போது அழித்து வைத்த கட்டங்கள் தயாராகக் கிடக்கும். நிறைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பழையதை நகர்த்தி, அழித்து, எழுத வேண்டும். மட்டமான ஸ்டோரேஜ் அப்போதுதான் மூச்சு வாங்கும்.

சுமை ஏறிய பிறகு அன்றாட வேலைகளைச் செய்து பாருங்கள். நான் வழக்கமாகச் செய்வது இது. வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான செய்தியைப் பாதி அடித்து, அனுப்பாமல் விட்டுவிடுவேன். கேமராவைத் திறந்து நான்கு படம் எடுப்பேன். வரைபடத்தில் ஓர் ஊருக்கு வழி தேடுவேன், யூடியூபில் ஒரு வீடியோவை ஓடவிடுவேன், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பு பார்ப்பேன், பிறகு இன்னும் நான்கு செயலிகள். கடைசியில் வாட்ஸ்அப்புக்குத் திரும்புவேன். செய்தி விட்ட இடத்திலேயே நிற்கிறதா, அல்லது செயலி முதலிலிருந்து திறக்கிறதா? இதை அற்பமாக நினைக்காதீர்கள். தட்கல் டிக்கெட் எடுக்கும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குள் போய்த் திரும்பினால், ஐஆர்சிடிசி பக்கமே காணாமல் போய் மறுபடி லாகின் கேட்கிறதே, அது இதே நோய்தான். அங்கே அதன் விலை ஒரு பயணம்.

இன்னொரு சோதனை, பலருக்குத் தோன்றாதது. போனைப் பூட்டி மேஜையில் ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு வீட்டில் இன்னொருவரை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பச் சொல்லி, உடனே அழைக்கவும் சொல்லுங்கள். சத்தம் வருகிறதா? பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சில நிறுவனங்களின் மென்பொருள் பின்னால் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். போனைத் திறந்ததும் பத்துச் செய்திகள் ஒன்றாகக் கொட்டினால் இதுதான் காரணம். அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். அதன் பிறகும் திருந்தாத போன் வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்கு ஆகாது.

சூட்டையும் பார்த்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஹாட்ஸ்பாட் போட்டு, வரைபடத்தை ஓடவிட்டு, சார்ஜிலும் போட்டு இருபது நிமிடம். கை பொறுக்கும் சூடு இருக்கலாம். திரை தானாக மங்கி, தொட்டால் தாமதமாகக் கேட்க ஆரம்பித்தால் சித்திரை வெயிலில் வண்டியில் மாட்டி வழி பார்க்க அந்தப் போன் உதவாது.

பேட்டரி

முதல் இரண்டு நாள் பேட்டரியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். படங்களை வகைபிரிப்பது, செயலிகளைச் சீரமைப்பது என்று உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு 100 வரை ஏற்றி, வயரைப் பிடுங்கி, டேட்டாவை அணைக்காமல் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலை ஆறு மணிக்கு 95-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் முதலில் உங்கள் வீட்டு சிக்னலைச் சந்தேகியுங்கள். டவர் எட்டாத இடத்தில் எந்தப் போனும் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். வீட்டில் சிக்னல் மிக மோசமாக இருக்கும் மூலையில் நின்று இரண்டு சிம்மிலும் பேசிப் பார்ப்பதையும் இதோடு சேர்த்து முடித்துவிடுங்கள்.

கேமரா

50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாகத் தருவது நான்கு புள்ளிகளை ஒன்றாக்கிய 12 மெகாபிக்சல் படம்தான், அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் எண்ணிக்கை காட்ட வைத்தது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் இருந்தால் இரவுப் படம் குலுங்காது. அதற்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் தரலாம்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அழகூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டில் கறுப்பான நிறமுள்ள ஒருவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம், டியூப்லைட்டில் ஒரு படம் எடுங்கள். படத்தையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல் பூசியதுபோல வெளுக்க வைக்கும் போன்கள் இந்த விலையில் உண்டு. பாட்டியின் முகத்தை அவர் நிறத்திலேயே வைத்துத் தராத கேமரா எனக்கு வேண்டாம். அப்படியே அரக்குப் பட்டுப் புடவை ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். அரக்கு ஆரஞ்சாக வந்தால் கல்யாணப் படங்களும் அப்படித்தான் வரும்.

ஆறாம் நாள்

மாற்றிக்கொள்ளும் காலம் ஏழு நாள் என்றால் ஏழாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். ஆறாம் நாளே முடிவெடுங்கள். கைரேகையைக் காய்ந்த விரலால் ஐந்து முறை, பாத்திரம் கழுவிய ஈர விரலைத் துடைத்துவிட்டு ஐந்து முறை வைத்துப் பாருங்கள். பத்தில் எட்டு முறை திறந்தால் போதும். அமைப்புகளில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். எல்லா அப்டேட்டையும் போட்ட பிறகும் அது நான்கு மாதத்துக்கு முந்தையதாக இருந்தால், நிறுவனம் சொன்ன வருடக் கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் ஊரிலேயோ பக்கத்து ஊரிலேயோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போனில் கேட்டு, இதே மாடலுக்குத் திரை மாற்ற எவ்வளவு, சாமான் கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திரையின் விலை போனின் விலையில் பாதியைத் தொட்டால் நான் அந்த மாடலுக்கே போக மாட்டேன்.

பழுது என்று முடிவானால் திரையில் தெரிவதை இன்னொரு போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "ஸ்லோவா இருக்கு" என்ற வாய்வார்த்தைக்கு மாற்றித் தர மாட்டார்கள். எல்லாம் சரி என்றால் நிரப்பிய நகல்களை அழித்து, கடன் ராமை அணைத்தபடியே விட்டுவிடுங்கள். பழைய போனை எட்டாம் நாளுக்கு முன் அழிக்காதீர்கள். வங்கிச் செயலி, யுபிஐ, டிஜிலாக்கர் மூன்றும் புதியதில் ஒரு முறையாவது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அழியுங்கள்.